கழுவுகிறவன் பார்வையில் டிசைன்

எங்கள் வீட்டில் பொருள் வாங்குவது மனைவி, கழுவுவது நான். கல்யாணமான புதிதில் பேச்சுவாக்கில் நடந்த பாகப்பிரிவினை, அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கு நல்ல கண். எதை எங்கே வைத்தால் அறை எடுப்பாக இருக்கும் என்று சட்டென்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்தக் கண் கிடையாது. ஆனால் அவள் ரசித்து வாங்கிய ஒவ்வொன்றும் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். ஸ்க்ரப்பரும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு அதை நான் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடுவேன். வடிவமைத்தவர் எதை யோசித்தார், எதை யோசிக்காமல் விட்டார் என்பது ஷோரூமில் தெரியாது. சிங்க்கில் தெரிந்துவிடும்.

நவீனமான, அழகான வீட்டுப் பொருட்களைப் பற்றி நான் படிப்பதெல்லாம் வாங்குகிறவர் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. படத்தில் அந்தப் பொருள் தனியாக நிற்கும். பக்கத்தில் ஆள் இருக்காது, ஈரம் இருக்காது, ஒரு விரல் ரேகைகூட இருக்காது. அதனால் இந்தப் பதிவு மறுபக்கத்திலிருந்து.

சின்னவளின் தண்ணீர் பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன். வெளிர்பச்சை நிறம், பளபளப்பில்லாத பூச்சு, கைக்கு அடக்கமான உருளை. மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் மூடி துள்ளித் திறக்கும், உள்ளிருந்து ஸ்ட்ரா நிமிர்ந்து எழும். குழந்தைக்கு அதில் தண்ணீர் குடிப்பதைவிடத் திறந்து மூடுவதில்தான் ஆசை. சரி, கழுவ வருவோம். மூடியைத் திருகிக் கழற்றினால் அடியில் ஒரு சிலிக்கோன் வளையம். விரலுக்கு அகப்படாது, ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டும். நெம்பி எடுத்தால், வளையம் உட்கார்ந்திருந்த பள்ளம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. ஸ்ட்ராவின் வாய்க்குள் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் குட்டி வால்வு ஒன்று, அதன் மடிப்பில் ஒரு வழவழப்பு. பொத்தானுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கும் அறையைத் திறக்க வழியே வைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போக இடமிருக்கிறது, வெளியே வர இடமில்லை. கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் குலுக்கினால் மூடிக்குள் எங்கேயோ சளக் சளக் என்கிறது. அது நேற்றைய தண்ணீரா, போன வாரத்துத் தண்ணீரா என்று யார் கண்டது?

நான் அதிகப்படியாகச் சுத்தம் பார்க்கிறேன் என்று தோன்றலாம். குளிக்கும்போது குழந்தைகள் அமுக்கிப் பீச்சும் பொம்மைகளை 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து அறுத்துப் பார்த்தன. உள்சுவர் முழுக்க நுண்ணுயிர்ப் படலம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சம் முதல் 7.5 கோடி செல்கள் வரை இருந்தன. வீடுகளில் புழங்கிய பொம்மைகளில் சுமார் 60 சதவீதத்தில் பூஞ்சையும் இருந்தது. சோப்பும் உடம்பு அழுக்கும் மட்டும் காரணமில்லை, மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருளே கிருமிக்குத் தீனியாகிறது என்றார்கள். அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைதான் எல்லாவற்றுக்கும் வாசல். உள்ளே போன ஈரம் காய வழியில்லை. ஓட்டையில்லாத பொம்மை வாங்கித் தந்தபோது, பீச்ச முடியவில்லை என்று சின்னவள் ஒரு சாயங்காலம் முழுக்க முறைத்தாள். அப்புறம் ஒரு கப்பையும் பழைய வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் குளிக்கக் கற்றுக்கொண்டாள்.

பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம். உயிரை வாங்குவது இரண்டு துண்டு சேருகிற இடம்தான். மரக் கைப்பிடியில் செருகி வைத்த, சமையலில் கிளறுகிற சிலிக்கோன் துடுப்பு பார்க்க லட்சணமாக இருக்கும். தலையை உருவிப் பார்த்தால் உள்ளே தேங்கிய தண்ணீரின் நாற்றம் ஆளைத் தூக்கும். தலையும் கைப்பிடியும் ஒரே வார்ப்பாக வருகிற துடுப்பு அதைவிடச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதில் ஒளிவதற்கு எதற்கும் இடமில்லை.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். சிங்க் மேடையில் நட்டு வைத்த குழாயின் காலடியைக் குனிந்து பாருங்கள். எந்நேரமும் ஈரம், பின்பக்கம் கை நுழையாது, உப்புக்கறை படிந்து கல்லாகியிருக்கும். டென்மார்க்கில் வெர்னர் ஓவர்கோ என்ற தொழிலதிபருக்கு ஒரு யோசனை வந்தது: குழாயின் இயந்திரம் முழுவதையும் சுவருக்குள் தள்ளிவிட்டு, மூக்கையும் கைப்பிடியையும் மட்டும் வெளியே விட்டால் என்ன? அந்த யோசனையோடு கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சனிடம் போனார். டென்மார்க் தேசிய வங்கிக் கட்டடத்தை யாகோப்சன் வடிவமைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1968-ல் வந்தது வோலா குழாய். சுவரிலிருந்து நீளும் ஒரு மெல்லிய குழல், பக்கத்தில் திருகுவதற்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். டிசைன் பிரியர்கள் அதன் கோட்டழகைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதன் கீழே இருக்கும் வெற்றிடம்தான் கண்ணில் படுகிறது. துணியை ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம் வரை தடையில்லாமல் இழுக்கலாம். ஒரு தொல்லை உண்டு: சுவருக்குள் ஏதாவது ஒழுகினால் டைலைத் தொட வேண்டியிருக்கும். ஆனால் அது எப்போதாவது வருவது. மேடையைத் துடைப்பது தினமும்.

நாற்காலி விஷயத்தில் என் கருத்துக்கு வீட்டில் ஆதரவு இல்லை. ஒரே துண்டாகப் பிளாஸ்டிக்கில் வார்த்த நாற்காலி என்றாலே மனைவிக்கு டென்மார்க் டிசைனர் வெர்னர் பான்டன் 1967-ல் கொண்டுவந்ததுதான். கால் என்று தனியாக எதுவும் இல்லாமல், S போல வளைந்து தரையில் ஊன்றும் வழுவழுப்பான வடிவம். உண்மையிலேயே அழகு. ஆனால் எழுபதுகளில் அதை ஊற்றிய பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக் நாள்பட்டு விரிசல் விட்டது. 1979-ல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். இப்போது கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் பதிப்பு 1999-ல்தான் வந்தது. ஒரு வடிவம் தனக்கேற்ற பொருளுக்காக முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறது. என் ஓட்டு, பிரான்ஸில் ஆன்றி மசோனே 1972-ல் செய்த நாற்காலியின் வம்சத்துக்கு. உலகத்தில் எந்த வாசலிலும் அடுக்கி வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிதான். உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் பாய்ச்சி, ஓரிரு நிமிடத்தில் ஒன்று எடுத்துவிடலாம். முதுகில் கீற்று, பலவற்றில் உட்காருமிடத்திலும் தண்ணீர் வடிய ஓட்டை. ஹோஸ் பிடித்து அடித்தால் வேலை முடிந்தது. அதை அழகில்லை என்கிறவர்கள் ஒரு தடவை துணி போர்த்திய சாப்பாட்டு நாற்காலியின் தையலுக்குள்ளிருந்து காய்ந்த பருக்கையைக் குண்டூசியால் எடுத்துப் பார்க்கட்டும்.

சோபாவுக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். உறையைக் கழற்ற ஜிப் இருக்க வேண்டும், கழற்றிய உறை மெஷினில் போகிற துணியாக இருக்க வேண்டும். அப்புறம் கால். சோபா ஒன்று தரையோடு தரையாக ஒட்டி உட்கார வேண்டும், இல்லை மாப் நுழைகிற அளவுக்குத் தூக்கி நிற்க வேண்டும். இடைப்பட்ட மூன்று நான்கு சென்டிமீட்டர் இடுக்கு இருக்கிறதே, தூசியும் கிரேயானும் ஒற்றை சாக்ஸும் போய்ச் சேரத் தோதான உயரம் அது. தரையில் ஓடும் ரோபோ வேக்கூம் பெரும்பாலும் பத்து சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், அதுவும் வாசலில் முட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

அடுப்பில் எனக்கே குழப்பம் உண்டு. கண்ணாடிப் பரப்புள்ள இண்டக்‌ஷன் அடுப்பு கழுவுகிறவனுக்கு வரப்பிரசாதம், ஒரு ஈரத்துணி போதும். ஆனால் அதே ஈரத்துணி அதன் டச் பொத்தானுக்கு விரோதி. அந்தப் பொத்தான் விரலின் மின் தேக்கத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. தண்ணீரும் அதற்கு விரல் மாதிரிதான். துடைக்கும்போது கீச் கீச்சென்று கத்தும், சமைக்கும்போது ஈர விரலை மதிக்காது. பழைய திருகு குமிழ் எந்தக் கைக்கும் கட்டுப்படும், ஆனால் அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு வளையம் கட்டும். அடுப்பு செய்யும் நெஃப் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. குமிழைக் காந்தத்தால் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிட்டார்கள். சமைக்கும்போது திருகலாம், துடைக்கும்போது கையில் எடுத்துவிடலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எடுத்துப் பைக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். யாரோ ஒருவர் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை யோசித்திருக்க வேண்டும்.

வீட்டு மின்சாதனங்கள் செய்யும் ஜெர்மனியின் பிரவுன் (Braun) நிறுவனத்தின் டிசைனர் டீட்டர் ராம்ஸ் நல்ல டிசைனுக்குப் பத்து இலக்கணம் சொன்னார். புதுமையாக இருக்கணும், பயன்படணும், நேர்மையாக இருக்கணும், நீடித்து உழைக்கணும், கடைசி நுணுக்கம் வரை கவனித்துச் செய்திருக்கணும் என்று போகிறது. எல்லாம் சரி. பத்தில் ஒன்றுகூடக் கழுவுவதைத் தனியாகச் சொல்லவில்லை. கடைசி நுணுக்கத்தில் அதுவும் அடக்கம் என்று அவர் பக்தர்கள் சொல்லக்கூடும். பதினொன்றாவதாக வெளிப்படையாகவே எழுதியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இவ்வளவு பேசிவிட்டு அம்மாவின் பீலர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மனைவி வாங்கிவந்த பீலர், ஒரே ஸ்டீல் தகட்டை வளைத்துச் செய்தது. 18-க்கு 8 ஸ்டீல், அதாவது நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அந்தக் குரோமியம் காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்ளும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். குழாயடியில் காட்டினால் சுத்தம். எனக்கு மிகவும் பிடித்த பொருள். அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி, காலையில் கையை மடக்கவே நேரமாகும். அந்தத் தகட்டைப் பிடித்து இரண்டு காய் சீவிவிட்டு, "கையை அறுக்குதுடா, இதை நீயே வெச்சுக்க" என்று மேடையில் வைத்துவிட்டார்.

அப்புறம் வந்தது ஆக்ஸோ நிறுவனத்தின் கறுப்புக் கைப்பிடி பீலர். அது பிறந்ததே இப்படி ஒரு கையால்தான். சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர், மூட்டுவாதம் இருந்த தன் மனைவி பெட்ஸி பீலரைப் பிடிக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்தார். நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் குழுவோடு சேர்ந்து, 1990-ல் குட் கிரிப்ஸ் வரிசையைக் கொண்டுவந்தார். தடித்த, நீள்வட்டமான ரப்பர் கைப்பிடி. கட்டைவிரல் பதியும் இடத்தில் மெல்லிய செதில்கள். அழுத்தினால் வளைந்து கொடுக்கும், ஈரத்திலும் வழுக்காது. அம்மா அதைப் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, விரல்களை இறுக்காமல் உள்ளங்கையிலேயே வைத்துச் சீவுகிறார். என் கணக்குப்படி அது தோற்ற பொருள். அந்தச் செதில்களுக்கு நடுவே தோல் துணுக்கு புகுந்து காய்ந்துவிடும், பல் பிரஷ் இல்லாமல் வராது. தேய்க்கிறேன். அதைத் தேய்க்கும்போது மட்டும் எனக்கு முணுமுணுப்பு வருவதில்லை.

குழந்தை நாற்காலியிலும் இப்படித்தான் ஆனது. பீட்டர் ஓப்ஸ்விக் என்ற நார்வே டிசைனர், இரண்டு வயது மகன் சாப்பாட்டு மேஜையில் கால் தொங்கத் தவிப்பதைப் பார்த்து 1972-ல் செய்தது ட்ரிப் ட்ராப். சாய்ந்த இரண்டு மரச் சட்டங்கள், அவற்றில் வரிசையாகப் பள்ளங்கள், உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் எந்தப் பள்ளத்தில் வேண்டுமானாலும் செருகலாம். குழந்தை வளர வளரப் பலகை இறங்கும். பெரியவர்களும் உட்காரலாம். பலகைகளைத் துடைப்பது சுலபம், காலியாக இருக்கும் பள்ளங்கள்தான் கஷ்டம். ஆனால் பல வருஷம் ஒரே நாற்காலி புழங்குகிற வீட்டில், நடுவில் வாங்கிக் கழுவி மூலையில் போட வேண்டிய வேறு நாற்காலிகள் எத்தனையோ மிச்சம். அந்தக் கணக்கில் பள்ளத்தை மன்னித்துவிட்டேன்.

வீட்டு வேலையை டிசைனாக யோசித்ததில் பெரிய ஆள், ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து யோசித்தது. சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்கள். மேடையில் நறுக்கி முடித்ததும் தோலை அப்படியே தள்ளிவிட உருவி எடுக்கும் கழிவு டிராயர். தானியத்துக்குப் பிடியும் மூக்கும் வைத்த அலுமினிய டிராயர்கள், இழுத்தால் அதிலிருந்தே கொட்டலாம். மாவுக்கு ஓக் மரப் பெட்டி, புழு அண்டாது என்று. ஈ அந்த நிறத்தை விரும்பாது என்று அலமாரிக்கு நீலப் பூச்சு. இத்தனையும் யோசித்தவர், தனக்கு அதற்கு முன் சமைத்தே பழக்கமில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சமையலறையில் ஒரே ஒரு குறைதான் தெரிகிறது. ஒருவர்தான் நிற்க முடியும். ஒருவர் சமைக்க இன்னொருவர் கழுவுகிற குடும்பத்தை அன்றைக்கு யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

என் அளவுகோல் கவிழ்ந்துபோகிற இடமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு டிசைனர் ஃபிலிப் ஸ்டார்க் 1990-ல் இத்தாலியின் அலெஸி நிறுவனத்துக்குச் செய்த எலுமிச்சை பிழிவான்: மூன்று நீளக் கால்களில் நிற்கும் அலுமினியச் சிலந்தி. வார்த்துச் செய்தது, இடுக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது, குழாயைத் திறந்து காட்டினால் போதும். கழுவுவதில் நூற்றுக்கு நூறு. பிழிவதில்தான் சிக்கல். சாறு கையில் வழியும், விதையும் சேர்ந்தே விழும். அதில் தங்கமுலாம் பூசிய ஒரு பதிப்பில் பிழியவே கூடாதாம், அமிலம் முலாமைக் கெடுத்துவிடுமாம். பிழியாத பிழிவானுக்குக் கழுவுகிற வேலையும் கிடையாது. அந்த வகையில் அது எனக்கு ஏற்ற பொருள்தான்.

கடைக்குப் போனால் இப்போது நான் செய்வது ஒன்றுதான். மனைவி பொருளைத் தூக்கித் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது, நான் வாங்கிக் கவிழ்த்து, எதெல்லாம் கழல்கிறது என்று பார்ப்பேன். கழற்றின வளையம் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்பேன். விற்பனையாளர்கள் பெரும்பாலும் விழிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. கதவின் ரப்பர் கேஸ்கட், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 வருஷம் கிடைக்க வேண்டும். கதவுப் பிடியும் உள்தட்டும் 7 வருஷம். தண்ணீர் பாட்டில் மூடிக்கும் யாராவது இப்படி ஒரு சட்டம் போட்டால் தேவலை. கழற்றவே முடியாத ஸ்பிரிங் அறையைத் தடை செய்தால் இன்னும் நல்லது. இன்னொன்று, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும் ரப்பர் பூச்சு. மிக்சர் கைப்பிடி, டார்ச், ரேடியோ எல்லாவற்றிலும் பூசுகிறார்கள். பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்திலேயே சில வருஷத்தில் சிதைந்து, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது, ஸ்பிரிட் போட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கடையில் தடவிப் பார்த்துச் சொக்கிப்போக வேண்டாம்.

இப்போது மனைவி ஒரு விளக்கைக் குறித்து வைத்திருக்கிறாள். சிற்பி இசாமு நொகுச்சி 1951-ல் ஜப்பானின் கிஃபு நகரில் தொடங்கிய காகித விளக்கு வரிசையில் ஒன்று. மூங்கில் நரம்பின் மேல் கையால் செய்த காகிதம், உள்ளே பல்பு எரிந்தால் அறையே இளகிவிடும். தண்ணீர் காட்ட முடியாது, துணி போட்டுத் துடைக்க முடியாது, நரம்புக்கு நரம்பு தூசி தங்கும். என் கணக்கில் அதற்குப் பாஸ் மார்க் கிடையாது. "இதையும் கவுத்துப் பாப்பீங்களா?" என்று சிரிக்கிறாள். கவிழ்த்தாலும் அழகாகத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினை. வாங்கலாம், தூசி தட்டும் பொறுப்பு அவளுடையது என்று பேசி முடித்திருக்கிறோம். எழுத்தில் வாங்கவில்லை.